பெயரில்லா மாலுமியும் பெயர் பொறித்த கப்பலும்

(கல்விக் கழக வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

      

வெள்ளி விழா என்பது தோரணம் கட்டி மகிழும் நாள் மட்டுமன்று. கணக்குப் பார்க்கும் நாளும் ஆகும். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதைச் செயலாளர் அவர்கள் தமது அறிக்கையில் எடுத்துரைப்பார்கள். நமக்கு 'வீரம்' என்னும் பொருளில் பேசுமாறு கழகத்தார் பணித்துள்ளார்கள். வீரம் என்றவுடன் மன்னர்களையும் படைத்தலைவர்களையும் பேசுவது மேடை மரபு. நாமோ இன்று ஒரு போர்க்கப்பலில் உணவு பரிமாறிய ஓர் இளைஞனைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவன் பெயர் டோரிஸ் மில்லர். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மகன். இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் காலையில் அவன் ஆற்றிய செயலை உலகம் இன்றும் பேசுகிறது. அந்தச் செயலைக் காட்டிலும், அவன் பெயர் உலகுக்குத் தெரியவந்த வரலாறே நம்மவர்க்குப் பெரிய பாடம் என்பது நம் கருத்து.

வாரக் குடியின் மகன்

டோரிஸ் மில்லர் 1919-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ என்னும் ஊரை அடுத்துப் பிறந்தார். தந்தை கானரி, தாய் ஹென்ரியட்டா. பிள்ளைகள் நால்வரில் மூன்றாமவர் இவர். குடும்பம் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டு வாழ்ந்த குடும்பம். உழைப்பு தம்முடையது, நிலம் பிறருடையது என்னும் அந்த வாழ்க்கையை உங்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கெனத் தனியே இருந்த ஒரு பள்ளியில் அவர் பயின்றார். கால்பந்தாட்டத்தில் பெயர் பெற்றார். நெடிய உருவமும் உரமேறிய தோள்களும் உடையவர். படிப்பை முடிக்குமுன் வேலை தேட வேண்டிய நிலை வந்தது. ஊர் உலகம் பார்க்கலாம், வீட்டுக்குப் பணமும் அனுப்பலாம் என்றெண்ணி 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார்.

இங்கே ஒரு செய்தியை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். கடற்படையில் சேர்ந்தார் என்றால் பீரங்கி இயக்கக் கற்றார், திசை காணக் கற்றார் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் உலகப் போர் முடிந்த 1919-ஆம் ஆண்டு தொடங்கி 1932 வரை கறுப்பினத்தவரைப் புதிதாகச் சேர்ப்பதையே அந்தக் கடற்படை நிறுத்தி வைத்திருந்தது. மீண்டும் கதவு திறந்தபோது அவர்களுக்கென ஒரே ஒரு வாயில்தான் திறந்தது. அது உணவறை வாயில். உணவறைப் பணியாளர் என்பது பதவியின் பெயர். அதிகாரிகளுக்கு உணவு பரிமாறுதல், படுக்கை விரித்தல், காலணி துடைத்தல், அழுக்குத் துணிகளைத் திரட்டிச் சலவைக்கு அனுப்புதல் ஆகியவையே அவர்களுடைய அன்றாடக் கடமைகள். சீருடை உண்டு, சம்பளம் உண்டு, ஆனால் எந்தத் தொழில்நுட்பப் பிரிவுக்கும் உயரும் வழி இல்லை. தோலின் நிறம் பார்த்து வேலை. வேலை பார்த்து மதிப்பு. பிறப்பு பார்த்துத் தொழில் வகுத்த நாட்டில் பிறந்த நமக்கு இம்முறை புதியதா?

உணவு சமைப்பதும் துணி துவைப்பதும் இழிவான தொழில்கள் அல்ல. எந்தத் தொழிலும் இழிவன்று. ஒருவனை அத்தொழிலுக்குள்ளேயே அடைத்து, மற்ற எல்லாக் கதவுகளையும் பூட்டிவைப்பதே இழிவு. அந்த இழிவும் பூட்டியவனைச் சார்ந்ததே அன்றி உள்ளே இருப்பவனைச் சார்ந்ததன்று.

1940-ஆம் ஆண்டு சனவரியில் மில்லர் 'வெஸ்ட் வர்ஜீனியா' என்னும் பெரிய போர்க்கப்பலுக்கு மாற்றப்பட்டார். அந்தக் கப்பலின் மிகுஎடைப் பிரிவுக் குத்துச்சண்டை வீரராகவும் விளங்கினார். குத்துச்சண்டைக் களத்தில் அவர் வெற்றி பெற்றால் கப்பலே கைதட்டும். களத்தை விட்டு இறங்கினால் மீண்டும் அவர் கையில் உணவுத் தட்டுதான்.

முத்துத் துறைமுகத்தில் ஒரு ஞாயிறு

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அவாய்த் தீவுக் கூட்டத்திலுள்ள முத்துத் துறைமுகத்தில், அதாவது பேர்ல் ஹார்பரில், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அணிவகுத்து நின்றன. அன்று காலை ஆறு மணிக்கே எழுந்த மில்லர் அதிகாரிகளின் அழுக்குத் துணிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் ஜப்பானிய விமானங்கள் வானை மறைத்து வந்தன. போர்ச் சங்கு ஒலித்தது.

போர்க்காலத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் கப்பலின் நடுப்பகுதியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கான வெடிமருந்துக் கிடங்கு. குண்டுகளைத் தூக்கிக் கொடுப்பது அங்கு அவர் வேலை. ஓடிப்போய்ப் பார்த்தார். நீருக்குள் பாய்ந்து வந்த டார்ப்பிடோ வெடிகணை அந்த இடத்தைச் சிதைத்துவிட்டிருந்தது. அவர் மேல்தளத்துக்கு ஏறினார். எங்கும் தீ, எண்ணெய், புகை, அலறல். காயமுற்றுக் கிடந்தவர்களைத் தம் தோளில் சுமந்து பாதுகாப்பான இடம் சேர்க்கத் தொடங்கினார். அவருடைய உடல் வலிமையை அறிந்த அதிகாரி ஒருவர், கப்பல் தலைவரைத் தூக்க உதவுமாறு அவரைக் கட்டளை மேடைக்கு அழைத்துச் சென்றார்.

கட்டளை மேடையில் கேப்டன் மெர்வின் பென்னியன் வயிற்றில் பெருங்காயம் பட்டு வீழ்ந்து கிடந்தார். குண்டு மழைக்கு நடுவே மில்லரும் பிறரும் அவரைச் சற்று மறைவான இடத்துக்கு நகர்த்தினார்கள். மேடையை விட்டு அகல அவர் மறுத்துவிட்டார். உயிர் பிரியும் வரை கப்பலின் நிலையைக் கேட்டுக் கட்டளைகள் இட்டுக்கொண்டிருந்தார். அவரும் வீரரே. அதனை நாம் குறைத்துச் சொல்லக் கூடாது.

அருகில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் இயக்க ஆளின்றி நின்றன. அவற்றில் குண்டுச் சரங்களை ஏற்றுவதற்கு மில்லரை அதிகாரிகள் துணைக்கு அழைத்தனர். குண்டு எடுத்துக் கொடுப்பார் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். மில்லரோ ஒரு துப்பாக்கியின் பின்னே தாமே நின்று வானை நோக்கிச் சுடத் தொடங்கினார். அந்தத் துப்பாக்கியை இயக்கும் முறையான பயிற்சி அவருக்கு அளிக்கப்பட்டதில்லை. பிறர் இயக்குவதைப் பார்த்திருந்தார், அவ்வளவே. ஏறத்தாழக் கால் மணி நேரம் சுட்டதாகப் பின்னர் அவரே கூறினார். குண்டுகள் தீர்ந்தன. கப்பலை விட்டு வெளியேறும் கட்டளை வந்தது. அதன் பின்பும் எண்ணெய் மிதந்த நீரிலிருந்தும் தளத்திலிருந்தும் காயமுற்றோரை மீட்பதில் அவர் ஈடுபட்டார். வெஸ்ட் வர்ஜீனியா துறைமுகத்தின் அடித்தரையில் அமர்ந்தது. அக்கப்பலில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று அமெரிக்கர் 2,403 பேர் உயிரிழந்தனர்.

மில்லர் எத்தனை விமானங்களை வீழ்த்தினார்? பத்திரிகைகள் நான்கு என்றன, ஐந்து என்றன, ஆறு என்றும் எழுதின. ஒன்றை வீழ்த்தியிருக்கலாம் என்பதுதான் மில்லர் கூறியது. அவருக்கு அளிக்கப்பட்ட பதக்கத்தின் பாராட்டுரையில் எண்ணிக்கை எதுவுமே இல்லை. இளைஞர்களே, இதனை மனத்தில் கொள்ளுங்கள். நம்மவர் பெருமை பேசும்போது ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் ஆசை நமக்கு வரும். அது வேண்டாம். பத்தில் ஒன்று பொய் என்று கண்டுவிட்டால், பகைவர் மற்ற ஒன்பதையும் பொய் என்பர். பயிற்றுவிக்கப்படாத ஒருவன், சாகும் வாய்ப்பே மிகுந்த இடத்தில், தனக்கு விதிக்கப்படாத கடமையைத் தானே மேற்கொண்டான் என்னும் உண்மை ஒன்றே போதுமே! அதற்கு மேல் என்ன அணிகலன் வேண்டும்?

பெயர் இல்லாத பாராட்டு

இனிமேல்தான் நாம் சொல்லவந்த செய்தி தொடங்குகிறது.

1942-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கடற்படை பாராட்டுக்குரியோர் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒருவர் மட்டும் பெயர் குறிப்பிடப்படாத ஒரு 'நீக்ரோ' என்று இருந்தார். அக்காலத்தில் அவர்களைக் குறித்த சொல் அது. ஏனையோர்க்கெல்லாம் பெயர் இருந்தது. கேப்டனைத் தூக்கியவனுக்கு, துப்பாக்கி பிடித்தவனுக்கு, காயமுற்றோரைச் சுமந்தவனுக்குப் பெயர் இல்லை. இனம் மட்டும் இருந்தது!

எண்ணிப் பாருங்கள். அத்துடன் செய்தி அடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்று நாம் இந்த மேடையில் டோரிஸ் மில்லர் என்னும் பெயரை உச்சரிக்க முடியுமா? முடிந்ததே, எதனால்? அச்சமுதாயத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். சொந்தமாகப் பத்திரிகை வைத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வெளிவந்த 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்பது கறுப்பின மக்களின் வார இதழ். அது, அந்த மாலுமி யார் என்று விடாமல் கேட்டது. கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம், அவனுக்கு உயரிய விருது அளிக்க வேண்டுமென்று குடியரசுத் தலைவர் ரூசுவெல்டுக்கு வேண்டுகோள் விடுத்தது. நியூயார்க்கில் கறுப்பின மக்களின் நூல்களையும் ஆவணங்களையும் திரட்டி வைத்திருந்த ஷோம்பர்க் நூலகத்தின் பொறுப்பாளர் லாரன்ஸ் ரெடிக் என்னும் வரலாற்றறிஞர் கடற்படைக்கே எழுதிக் கேட்டார். மார்ச்சுத் திங்களில்தான் விடை கிடைத்தது. பெயர் டோரிஸ் மில்லர். குண்டு விழுந்த நாளிலிருந்து மூன்று திங்களுக்கு மேல் கடந்திருந்தது.

அப்போதும் ஆட்சியாளர் முன்வந்து அள்ளிக் கொடுத்துவிடவில்லை. நாட்டின் மிக உயர்ந்த பதக்கத்தை மில்லருக்கு அளிக்க வேண்டுமென்று நாடாளுமன்றத்தில் தீர்மானங்கள் கொண்டுவரப்பட்டன. கடற்படைத் துறையின் செயலர் அதனை ஏற்கவில்லை. பாராட்டுக் கடிதம் போதும் என்றார். மக்களின் குரல் ஓயவில்லை. மே திங்களில் கடற்படைச் சிலுவைப் பதக்கத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 1942 மே 27-ஆம் நாள், 'எண்டர்பிரைஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் அப்பதக்கத்தை மில்லரின் மார்பில் குத்தினார். அப்பதக்கத்தைப் பெற்ற முதல் கறுப்பின மாலுமி அவரே.

ஒரே கட்டளை மேடையில் இருவர் வீரம் காட்டினர். மாண்ட கேப்டனுக்கு நாட்டின் தலையாய பதக்கம் கிடைத்தது. அது தகும். அவரைத் தாங்கியவனுக்கு அதற்குக் கீழ்ப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் அந்தத் தலையாய பதக்கம் ஒரு கறுப்பின வீரருக்கேனும் அளிக்கப்படவில்லை. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பின மக்கள் படைகளில் பணியாற்றிய போர் அது! பதிவேடுகளை அறிஞர்கள் மீண்டும் ஆராய்ந்த பின்னரே, 1997-ஆம் ஆண்டில், தரைப்படையைச் சேர்ந்த எழுவருக்கு அது வழங்கப்பட்டது. அவர்களுள் அறுவர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். மில்லரின் பெயர் அந்த எழுவரில் இல்லை.

கடலே கல்லறை

பதக்கம் பெற்ற மில்லர் போர் நிதி திரட்டும் பொருட்டு ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டார். சொந்த ஊராம் வேக்கோவுக்கும் வந்தார். கடற்படைக்கு ஆள் சேர்க்கும் சுவரொட்டியில் அவர் உருவம் அச்சாயிற்று. எனினும் அவருடைய பிரிவு மாறவில்லை. பிரிவுக்குள்ளேயே படிப்படியாக உயர்ந்து, 1943-இல் கப்பல் சமையலர் ஆனார். பதக்கம் மார்பில், கரண்டி கையில்.

அவ்வாண்டு 'லிஸ்கோம் பே' என்னும் சிறிய விமானந்தாங்கிக் கப்பலில் அவர் பணியமர்த்தப்பட்டார். நவம்பர் 24-ஆம் நாள் விடியற்காலை, பசிபிக் பெருங்கடலில் மாக்கின் தீவை அடுத்து, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்ப்பிடோ அக்கப்பலைத் தாக்கியது. உள்ளிருந்த விமானக் குண்டுகள் வெடித்தன. இருபத்து மூன்று நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 644 பேர் மடிந்தனர். 272 பேர் தப்பினர். தப்பியோரில் மில்லர் இல்லை. அவர் உடலும் கிடைக்கவில்லை. மகனைக் காணவில்லை என்னும் செய்தி பெற்றோருக்கு எட்டிய நாள் 1943 டிசம்பர் 7. முத்துத் துறைமுகத்தில் அவர் வீரம் விளைத்து அன்றோடு இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவருக்கு வயது இருபத்து நான்கு.

அவரைப் போன்றோர் வேறு சிலரும் இருந்தனர். லெனார்ட் ராய் ஹார்மன் என்பவரும் டெக்சாசைச் சேர்ந்த உணவறைப் பணியாளரே. 1942 நவம்பரில் குவாடல்கனால் கடற்போரில், காயமுற்றிருந்த தோழர் ஒருவரைத் தம் உடலால் மறைத்துக் காத்து உயிர் துறந்தார். இறந்தபின் அவருக்கும் கடற்படைச் சிலுவை அளிக்கப்பட்டது. 1943-இல் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று கறுப்பினத்தவர் பெயரைத் தாங்கியது அதுவே முதல் முறை. அக்கப்பலைக் கடலில் இறக்கிப் பெயரிட்டவர் ஹார்மனின் தாயாரே. அந்தத் தாயின் நெஞ்சம் அன்று எப்படி இருந்திருக்கும்!

சார்லஸ் ஜாக்சன் பிரெஞ்ச் என்னும் மற்றொருவர், 1942 செப்டம்பரில் தம் கப்பல் மூழ்கியபோது, காயமுற்ற பதினைந்து பேர் கிடந்த மிதவையின் கயிற்றைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு, சுறாக்கள் திரியும் கடலில் இரவெல்லாம் நீந்தி இழுத்தார். அவருக்கு அன்று கிடைத்தது ஒரு பாராட்டுக் கடிதம். 1956-இல் அவர் மறைந்தார். 2022-ஆம் ஆண்டில்தான், மறைந்து ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின், அவர் பெயருக்குப் பதக்கம் வழங்கப்பட்டது.

இறந்தபின் வரும் பெருமை இறந்தவனுக்கு எட்டுவதில்லை. அது இருப்பவர்க்கு உரியது. கடன் வாங்கியவன், கொடுத்தவனின் பேரனிடம் திருப்பித் தருவதைப் போன்றது அது. அதனைத் தருமம் என்று எண்ணிக் கைகட்டி வாங்க வேண்டியதில்லை. வரவேண்டிய கடன் என்று கணக்கெழுதி வாங்க வேண்டும்.

கதவு திறந்தபின் படித்தவர்கள்

மில்லரின் செயலும் பத்திரிகைகளின் போராட்டமும் வீண்போகவில்லை. அந்நாட்களில் 'இரட்டை வெற்றி' என்னும் முழக்கத்தைக் கூரியர் இதழ் நாடெங்கும் பரப்பியது. வெளியே பகைவரை வெல்ல வேண்டும். உள்ளே இனக்கொடுமையையும் வெல்ல வேண்டும் என்பது அதன் பொருள். அந்த முழக்கத்துக்கு வித்திட்டவர் ஒரு தலைவர் அல்லர். கான்சாஸ் மாநிலத்தில் விமானத் தொழிற்சாலை ஒன்றின் உணவுச்சாலையில் ஊழியராய் இருந்த ஜேம்ஸ் தாம்ப்சன் என்னும் இருபத்தாறு வயது இளைஞர். 1942 சனவரியில் அவர் அவ்விதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓர் உணவுச்சாலை ஊழியரின் கடிதம் ஓர் இயக்கமாக மலர்ந்தது! எழுதுகோலின் ஆற்றலுக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்தகைய நெருக்குதல்களால், உணவறை அல்லாத பிற பிரிவுகளிலும் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதாகக் கடற்படை 1942 ஏப்ரலில் அறிவித்து, சூன் முதல் சேர்க்கத் தொடங்கியது. 1944-இல் அதிகாரிப் பயிற்சிக்குப் பதினாறு கறுப்பின மாலுமிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதினாறு வாரப் பயிற்சி அவர்களுக்கு மட்டும் எட்டு வாரமாகக் குறைக்கப்பட்டது. தோற்றுப்போகட்டும் என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விளக்கணைக்கும் நேரத்துக்குப் பின், வெளிச்சம் வெளியே தெரியாதபடி சன்னல்களைத் துணியால் மறைத்துவிட்டு, கைவிளக்கு வெளிச்சத்தில் கூடிப் படித்தார்கள். ஒருவருக்குத் தெரிந்ததை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தேர்வில் பெற்ற மதிப்பெண்கள் மிக உயர்ந்திருந்தன. மேலிடம் நம்ப மறுத்து மறுதேர்வு வைத்தது. அதிலும் சிறந்தே தேறினர். பதின்மூன்று பேர் அதிகாரிகள் ஆயினர். 'பொன்னான பதின்மூவர்' என்று பின்னாளில் அவர்களை நாடு போற்றியது. 1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் பிறப்பித்த ஆணை, படைகளில் இனப் பாகுபாடு கூடாது என்று விதித்தது.

மில்லரின் பெயரும் மீண்டெழுந்தது. 1973-ஆம் ஆண்டு 'மில்லர்' என்னும் போர்க்கப்பல் பணியில் சேர்ந்தது. 2017-இல் வேக்கோவின் ஆற்றங்கரையில் அவருக்கு நினைவகம் திறக்கப்பட்டது. 2020 சனவரியில், புதிதாய்க் கட்டப்படும் ஒரு மாபெரும் விமானந்தாங்கிக் கப்பலுக்கு 'டோரிஸ் மில்லர்' என்னும் பெயர் அறிவிக்கப்பட்டது. அத்தகைய கப்பல்களுக்குக் குடியரசுத் தலைவர்கள், கடற்படைத் தலைவர்கள் போன்றோர் பெயர்களைச் சூட்டுவதே வழக்கம். அதிகாரி அல்லாத ஒரு மாலுமியின் பெயர் அவ்வரிசையில் இடம்பெறுவது இதுவே முதல் முறை. பெயர் குறிப்பிடப்படாத ஒருவன், பெயரே கப்பலாகும் நிலை எய்த எழுபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

நமக்கு இதில் என்ன உறவு?

'அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?' என்று எவரேனும் கேட்கலாம். 1946-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கறுப்பினப் பேரறிஞர் டுபாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படியைக் கேட்டிருந்தார். டுபாய்சும் அன்புடன் விடை எழுதினார். இருவர் துயரும் ஒன்றையொன்று ஒத்தது என்பதை அன்றே கண்டவர் அண்ணல். மில்லர் துப்பாக்கி பிடித்த அதே 1941-ஆம் ஆண்டில்தான், நெடுங்காலம் படையில் சேர்க்கப்படாதிருந்த மகார் மக்களுக்கென ஒரு படைப்பிரிவு அமைந்தது. அதற்காக வாதாடியவரும் அண்ணலே.

பத்திரிகை என்று பார்த்தாலும் நம் முன்னோர் பின்தங்கியவர்கள் அல்லர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இலேயே இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். ஒரு பைசாவுக்கு ஓர் ஏடு! அவர்கள் எழுதி வைத்திராவிட்டால் நம் பாட்டன்மார் கேட்ட நியாயங்களில் எத்தனை நமக்குத் தெரிந்திருக்கும்?

நம் நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், முதல் உலகப் போருக்குச் சென்றவர்களின் நினைவாகக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இந்தச் சிற்றூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்று அவற்றில் எழுதியிருக்கும். எண் இருக்கும், பெயர் இராது. மதராஸ் சாப்பர்ஸ் முதலிய படைகளில் நம் சமுதாயத்தார் பலர் பணியாற்றினர் என்பது வரலாறு. அந்தக் கல்லில் உள்ள எண்ணுக்குள் யாருடைய பாட்டன் இருக்கிறார்? எவர் கேட்டோம்? எவர் எழுதினோம்?

ஆகவே இவ்வெள்ளி விழாவில் இளைஞர்கள் முன் இரண்டு பணிகளை வைக்கிறோம்.

முதலாவது, பெயர் எழுதும் பணி. ஒவ்வோர் ஊரிலும் கழகத்து உறுப்பினர் இருவர் ஒரு குறிப்பேடு வாங்குங்கள். படைக்குச் சென்றவர்கள், கப்பலிலும் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் உழைத்தவர்கள், ஊரில் முதன்முதல் பள்ளிக்குச் சென்ற பெண்மணி, முதல் ஆசிரியர், வெள்ளத்திலும் தீயிலும் பிறர் உயிர் காத்தவர்கள் ஆகியோரைப் பற்றி முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். ஓய்வூதியப் புத்தகம், பணிச் சான்று, பழைய புகைப்படம் எதுவாயினும் பார்த்து ஆண்டைக் குறியுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்டதைக் கண்டது என்றும் பிரித்தெழுதுங்கள். முதியோர் நம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்ய வேண்டும். பிறர் நம்மை எழுதினால் எண்ணாகவே எழுதுவர்.

இரண்டாவது, கற்கும் பணி. மில்லருக்குப் பயிற்சி மறுக்கப்பட்டது. உங்களுக்குச் சட்டப்படி அது மறுக்கப்படவில்லை. ஆயினும் பள்ளியில் நாம் என்ன காண்கிறோம்? பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது, 'கணக்கு வராது ஐயா, எளிய பாடமாகக் கொடுங்கள்' என்று கேட்கும் பிள்ளைகள் பலர். நம் கடற்படையில் மாலுமிப் பணிகள் சிலவற்றில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் கேட்கிறார்கள். கப்பற் பொறியியலுக்கும் அவையே வேண்டும். அவ்விரு பாடங்களை விட்டவன், பிறர் பூட்டாத கதவைத் தானே பூட்டிக்கொள்கிறான். கணக்கு வராத பிள்ளை என்று எவருமில்லை; அருகிருந்து சொல்லித் தர ஆளில்லாத பிள்ளைதான் உண்டு. அந்தப் பதினாறு பேர் கூடிப் படித்தது போல நம் கழகத்தின் இரவுப் பாடசாலையில் கூடிப் படியுங்கள். பட்டம் பெற்றவர்கள் வாரத்தில் இரண்டு இரவு வந்து கணிதம் சொல்லிக் கொடுங்கள். மின்விளக்கு இருக்கிறது, சன்னலைத் துணியால் மறைக்க வேண்டிய நிலையும் இன்று இல்லை. தாய்மார்களே, பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பெண்களும் இன்று போர்க்கப்பல்களில் பணியாற்றுகிறார்கள்.

வீரம் எவருடைய தனியுடைமையும் அன்று. எந்தக் குடிசையிலும் அது பிறக்கும். எந்த உணவறையிலும் அது காத்திருக்கும். பிறந்த வீரத்துக்குப் பயிற்சி அளிப்பதும், செய்த வீரத்துக்குப் பெயர் எழுதுவதும் கற்ற சமுதாயத்தால்தான் இயலும். அதற்காகவே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது. பொன்விழா காணும் நாளில், இன்று இங்கே முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவர் இம்மேடையில் நின்று, அவ்விரண்டு பணிகளும் எவ்வளவில் முடிந்தன என்று கணக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் ஆவல்.

 வளர்க கல்வி! வாழ்க நம் சமுதாயம்!